பழைய காரின் புஷ்ஷும் ஷாக்கும்: கடலூர்க் கரையில் வீட்டுப் பழுதுபார்ப்பு எதுவரை?

சொந்தக் காரை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் 15 ஆண்டுகளுக்கு எந்த அதிகாரியும் அதன் அடியில் குனிந்து பார்க்க மாட்டார். லாரிக்கும் பஸ்சுக்கும் வாடகைக் காருக்கும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று உண்டு. சொந்தக் காருக்கு இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் இருந்தால் போதும். பிரிட்டனில் 1960-லிருந்தே எம்.ஓ.டி. என்றொரு சோதனை இருக்கிறது. மூன்று வயது நிரம்பிய காரை அங்கே ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி நிறுத்தி, பால் ஜாயிண்டில் ஆட்டம் உண்டா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். நம் ஊரில் இந்த வேலை மெக்கானிக்குக்கோ காரின் சொந்தக்காரருக்கோதான் விழுகிறது. இருவரும் பார்க்கவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை.

டி.என். 31, டி.என். 91 எண் தாங்கிக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800, ஆம்னி, சாண்ட்ரோ, இண்டிகா போன்ற வண்டிகளின் தேய்ந்த சஸ்பென்ஷன் பாகங்களை வீட்டு வாசலிலேயே மாற்ற முடியுமா என்பதே இங்கே கேள்வி. வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். பட்டறையில் கேட்டால், "அதெல்லாம் எங்க வேலை சார், நீங்க கை வைக்காதீங்க" என்பார்கள். செல்போனில் வீடியோ பார்த்தவர்கள், அரை மணி நேரத்தில் முடியும் என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பாகம் கைவிட்டால் வண்டி என்ன ஆகும், அதற்குள் எவ்வளவு விசை அடைபட்டிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் வீட்டு வேலைக்குக் கோடு கிழிக்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கரையோரத்தில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. புதியதை மாட்டுவது சுலபம், பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு.

அது ஏன் என்பதை முதலில் பார்த்துவிடலாம். தேவனாம்பட்டினத்திலோ கடலூர் முதுநகரிலோ வாசலில் நிறுத்திய கார் இரவு முழுக்க உப்பு ஈரத்தில் நிற்கிறது. சிதம்பரம் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால் கிள்ளை, பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் என்று போய்வரும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தை உடைத்து அரிப்பை விரைவுபடுத்துகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழையில்லாத நாளிலும் வண்டியின் அடிப்பாகம் முழுதாகக் காய்வதில்லை.

இதோடு வெள்ளம். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் மாவட்டத்தின் பல பகுதிகள் நீரில் நின்றன. ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூர்க் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நீரில் நின்ற காருக்கு இன்ஜினையும் சீட்டையும் எல்லோரும் கவனிப்பார்கள். பால் ஜாயிண்டின் ரப்பர் உறையை யார் பார்க்கிறார்கள்? அதில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், சேற்று நீர் உள்ளே இறங்கி கிரீசைக் கெடுத்துவிடும். அது சத்தம் போடத் தொடங்கும்போது வெள்ளத்தையே மறந்திருப்போம்.

சாலையின் பங்கும் சேர்ந்துதான் பாகங்கள் தேய்கின்றன. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் நெடுஞ்சாலை முன்பு 45-ஏ; புதுச்சேரிக்குத் தெற்கே அது இப்போது 32. நான்கு வழியாக்கும் பணி இழுத்துக்கொண்டே போன ஆண்டுகளில் மாற்றுப்பாதை, ஜல்லி, பாதி முடிந்த பாலத்தின் விளிம்பு என்று வண்டிகள் பட்ட அடி கொஞ்சமல்ல. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களின் தடத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஊருக்குள் இருக்கும் சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீடு பிரேக்கர் தனிக்கதை. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கும்படி வளைவாக இருக்க வேண்டும். கிராமத்துத் தெருமுனையில் ஒரே இரவில் முளைக்கும் மேடு அதே உயரத்தை ஓர் அடி அகலத்துக்குள் அடைத்துவிடுகிறது. அந்த இடியை வாங்கிக்கொள்வது ஷாக்கும் புஷ்ஷும்தான்.

இனி வண்டிகளுக்கு வருவோம். 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடருக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. டார்ஷன் பார் என்கிற நீண்ட எஃகுக் கம்பி முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பிரீமியர் பத்மினிக்கு முன்னால் சுருள், பின்னால் பட்டை. இந்தத் தலைமுறை வண்டிகளின் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. சில நூறு மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னோடு யாராவது அடியில் படுத்தே ஆக வேண்டும். அந்தச் சாக்கில் அடிப்பாகத்தின் நிலவரமும் தெரிந்துவிடும். அம்பாசடர் ஓட்டிய டிரைவர்கள் பாதி மெக்கானிக்காக இருந்ததற்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி வாடிக்கையாளரிடம் கொடுத்தார். அந்த வண்டியோடு நம் ஊர்த் தெருக்களுக்கு மெக்பர்சன் ஸ்ட்ரட் பரவலாக வந்து சேர்ந்தது. ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்து, 1950-இல் பிரிட்டனின் ஃபோர்டு கான்சல், செஃபைர் கார்களில் புகழ்பெற்ற அமைப்பு அது. ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தூணாக்கி, மேல் கையையே எடுத்துவிட்டார். எடை குறைவு, இடம் மிச்சம், விலை மலிவு. மூட்டுகளில் கிரீசுக்குப் பதிலாக ரப்பர் புஷ் வந்தது; பால் ஜாயிண்ட் ஆயுளுக்கும் சேர்த்து கிரீஸ் அடைத்து மூடப்பட்டது. பராமரிப்பே வேண்டாம் என்பது இதன் பெருமை. பராமரிக்க வழியே இல்லை, தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும் என்பது அதன் மறுபக்கம். கிரீஸ் கன் ஒழிந்த நாளோடு வண்டிக்கு அடியில் படுக்கும் பழக்கமும் ஒழிந்தது.

800-க்கு இன்னொரு விசேஷம். பெரும்பாலான கார்களில் ஸ்டெபிலைசர் கம்பியின் வேலை வளைவில் வண்டி சாயாமல் பார்ப்பது மட்டும்தான். 800-இல் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் அதே கம்பி. ஆகவே அதன் முனையிலுள்ள சின்ன ரப்பர் புஷ் பிய்ந்துவிட்டால், பிரேக் அழுத்தும்போது சக்கரமே சற்றுப் பின்வாங்கும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். உரிமையாளர் பிரேக்கைச் சந்தேகிப்பார், டயரைச் சந்தேகிப்பார், அலைன்மெண்ட் பார்ப்பார். கோளாறு விலை மலிவான ரப்பர் துண்டில் இருக்கும்.

எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த விஷயத்தின் பெரும்பகுதி. அதை வீட்டில் செய்வதைப் போல வேறெங்கும் நிதானமாகச் செய்ய முடியாது என்றும் நினைக்கிறேன். "சஸ்பென்ஷன் மொத்தமும் போச்சு சார், எல்லாத்தையும் மாத்திடலாம்" என்பது பட்டறையின் சுருக்கவழி. பட்டறையின் நிலையிலிருந்து அதில் நியாயமும் உண்டு. ஒன்றை மாற்றி அனுப்பி, அடுத்த வாரம் வேறொரு சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தால் கெட்ட பெயர் அவர்களுக்குத்தானே. வீட்டில் அந்த அவசரம் இல்லை. சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது டக் டக் என்று கேட்டால் முதலில் லிங்க் ராடும் ஸ்டெபிலைசர் புஷ்ஷும். பிரேக் அழுத்தும்போதும் விடும்போதும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது கட கட என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, ஆக்சில் ஜாயிண்ட்.

காதுக்கு அடுத்தது கை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகு, இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் டை ராடு எண்டுடையது, அல்லது ஸ்டியரிங் ராக்குடையது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வருவது பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால் யாரையாவது பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். ஸ்பிரிங் கீழ்க்கையின் மேல் உட்காரும் பழைய அமைப்புகளில் ஜாக்கியை அந்தக் கைக்கு அடியில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மூட்டு இறுகி நின்று, தேய்மானம் தெரியாது. காரின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணும் சோதனை ரொம்பப் பிரபலம். அடியோடு செத்துப்போன ஷாக்கை அது காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததைக் காட்டாது. டயரின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்து, மேடும் குழியுமாகத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது.

இந்தச் சோதனையை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதவாக்கில் ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

ரப்பர் புஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். புஷ் என்பது வெளியே ஓர் எஃகுக் குழாய், உள்ளே ஓர் எஃகுக் குழாய், இரண்டுக்கும் நடுவே ஒட்டவைத்த ரப்பர். சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். போல்ட்டை முழுதாக இறுக்கும் அந்த நொடியில் லோயர் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டால், தொங்கும் கோணம் ஓய்வு நிலையாகிவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் ஓயாமல் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். பல ஆண்டு வர வேண்டிய புஷ் சில மாதங்களில் பிய்ந்துபோகும். போல்ட்டை விரல் இறுக்கத்தில் விட்டு, சக்கரத்தின் மேல் வண்டியின் பாரம் விழுந்த பிறகு கடைசி இறுக்கம் கொடுப்பதே சரி. அவசரத்தில் இயங்கும் பட்டறைகளில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. வண்டியை இறக்கினால் அடியில் கை போகாது என்பதுதான் காரணம். கார் நிறுத்துமிடத்தில் குழி கட்டி வைத்திருக்கும் பழைய வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் பட்டறையைவிட வசதியானவர். குழி இல்லாதவர் ஜாக்கியைக் கீழ்க்கையின் சக்கரப் பக்க முனைக்கு அடியில் கொடுத்து, வண்டியின் பாரம் அதில் ஏறும்வரை தூக்கி அதே நிலையைக் கொண்டுவரலாம்.

ரப்பருக்கு இன்னொரு எதிரி நாமே தேடிப் பிடித்தது. வாட்டர் வாஷ் கடைகளில் கழுவி முடித்ததும் துருவுக்குக் காப்பு என்று அடிப்பாகம் முழுக்க டீசலையோ பழைய இன்ஜின் ஆயிலையோ பீய்ச்சிவிடும் வழக்கம் உண்டு. இரும்புக்கு அது நல்லதுதான். ஆனால் இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதி, நொய்ந்து போகும். கடலோரத்துக்காரர் தகரத்தைக் காப்பாற்ற அடிக்கும் எண்ணெய் புஷ்களைத் தின்கிறது. எண்ணெய் அடித்தே ஆக வேண்டும் என்றால் புஷ்கள், பூட்கள், பிரேக் ஹோஸ்கள் இருக்கும் இடங்களைத் தவிர்த்துத் தூரிகையால் பூசச் சொல்லலாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி உப்பை நீக்குவது அதைவிட மேல். கீச்சிடும் புஷ்ஷுக்குக் கிரீஸ் தடவுவதும் இதே தவறுதான். சிலிக்கோன் வகை தவிர வேறெதையும் ரப்பர் அருகில் கொண்டுபோகக் கூடாது. பாலியூரித்தேன் புஷ் எண்ணெய்க்கு அஞ்சாது என்று விற்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது விறைப்பு. நம் சாலையின் ஒவ்வொரு ஜல்லியையும் இருக்கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தினசரி ஓடும் பழைய குடும்பக் காருக்கு ரப்பரே போதும்.

கழற்றும் பாட்டுக்கு வருகிறேன். கரையோர வண்டிகளில் போல்ட் நட்டோடு மட்டும் சிக்குவதில்லை. புஷ்ஷின் உட்குழாயோடும் துருவால் ஒட்டிக்கொள்கிறது. நட் சுலபமாக வந்துவிடும், போல்ட் சுற்றும், ஆனால் வெளியே வராது. போல்ட்டோடு சேர்ந்து ரப்பர்தான் முறுக்கும். முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, மறுநாள் காலை இன்னொரு முறை அடித்து, நட்டைப் போல்ட் முனையோடு சமமாக வைத்துத் தட்டி அசைப்பது பொறுமைசாலியின் வழி. நெருப்பு வைப்பது பட்டறை வழி. அது பலிக்கும், ஆனால் வீட்டில் வேண்டாம்: பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அருகிலேயே ஓடுகின்றன, எரியும் ரப்பரின் புகையும் நல்லதில்லை. வராத போல்ட்டை அறுத்தெடுத்துப் புதிதாகப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால் புதுப் பாகம் வாங்கும்போதே அதன் போல்ட், நட்டையும் சேர்த்து வாங்கிவிடுவது இந்த ஊருக்கு உகந்த வழக்கம். நைலான் வளையம் வைத்த நட் எப்படியும் ஒருமுறைக்குத்தான். திரும்ப மாட்டும்போது போல்ட்டின் வழுவழுப்பான நடுப்பகுதியில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசினால் அடுத்தமுறை கழற்றுபவர் வாழ்த்துவார். மரையில் பூசினால், உராய்வு குறைந்து, டார்க் ரெஞ்சில் அதே அளவு வைத்தாலும் போல்ட் வரம்புக்கு மேல் இழுபடும்.

ஆபத்து என்று பார்த்தால் முதலிடம் ஜாக்கிக்குத்தான். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. கடலூரின் பல வீட்டு வாசல்கள் மணல், அல்லது மணல் மேல் பரப்பிய சிமெண்ட் கல். மழைக்காலத்தில் ஸ்டாண்டின் கால் அதில் இறங்கும். கனமான பலகை கொடுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. அவை விரிசல் விட்டுக்கொண்டே எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் தூளாகும்.

இரண்டாவது ஸ்பிரிங். ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றினால் அழுத்தி வைத்த சுருள் விடுபடும். அதைப் பிடித்துவைக்கச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இரட்டைக் கொக்கி அழுத்திகள் ஒரு பக்கம் வழுக்கினால் ஸ்பிரிங் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. இதை வீட்டு வேலையாக நான் எண்ணவில்லை. இங்கே கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களுக்கு உரிய நடுவழி ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரட்டை முழுத் தூணாக வீட்டில் கழற்றி, மேல் நட்டைத் தொடாமல், ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனால் அவர்கள் அழுத்தியில் வைத்து ஷாக்கை மாற்றிக் கொடுப்பார்கள். லோயர் ஆர்மின் புஷ்ஷும் அப்படித்தான். சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிக்குழாய் வாய் கோணும், ஆர்மின் துளை விரியும். லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து ஏற்றினால் சில நிமிட வேலை. கழற்றுவதும் மாட்டுவதும் வீட்டில், அழுத்துவது பட்டறையில். அந்நியநாட்டுக் கையேடுகள் இந்த வழியைச் சொல்வதில்லை. 1966-இல் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டுக்கான நூலோடு தொடங்கிய ஹேன்ஸ் கையேடுகளின் மரபு, பட்டறைக் கூலி கட்டாத பிரிட்டிஷ் குடும்பத்தலைவர் எல்லாவற்றையும் தன் காரேஜிலேயே முடிப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. நமக்கு லேத் பட்டறை தெருமுனையில் இருக்கிறது, கூலியும் கட்டுபடியாகும்.

அப்படியானால் வீட்டில் முழுதாகவே முடிக்கக்கூடியவை எவை? லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், பின் ஷாக். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்றிருக்கும் 800 போன்றவற்றில் பின் ஷாக் மாற்றுவது நல்ல தொடக்கப் பாடம். ஆனால் ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி வேண்டும். அளவுக்கு மேல் கீழிறங்காமல் ஆக்சிலைப் பிடித்து வைப்பதும் ஷாக்தான். அதைக் கழற்றியதும் ஆக்சில் தொங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும். ஷாக்கை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பட்டை வைத்த ஆம்னிக்கும் பின் ஷாக் மாற்றுவது இதே அளவு எளிது. பட்டையையே கழற்றி அதன் வளைவைச் சரிசெய்வது மட்டும் பட்டறைக்குரியது.

டை ராடு எண்டும் பால் ஜாயிண்டும் எல்லையில் நிற்பவை. புஷ் தேய்ந்தால் மாதக்கணக்கில் முனகும். ஷாக் செத்தால் வண்டி துள்ளும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும். டை ராடு எண்ட் கழன்றால் ஸ்டியரிங் இருந்தும் இல்லாததற்குச் சமம். வேலை கடினமென்று சொல்ல முடியாது. நட்டைத் தளர்த்தி, கூம்பு உட்கார்ந்திருக்கும் கண்ணின் இருபுறமும் ஒரே சமயத்தில் இரண்டு சுத்தியலால் அடித்தால் பிடி விட்டுவிடும். ஸ்பிளிட் பின்னைப் பழையதையே திரும்பப் போடுவது, ஜாயிண்டின் போல்ட் அதற்குரிய பள்ளத்தில் உட்காராமல் இறுக்குவது போன்ற பிழைகள்தான் உயிருக்கு வினை. ஆகவே முதல்முறை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்க, அவர் இறுக்கத்தைச் சரிபார்க்கச் செய்வது நல்லது. நக்கிளைப் பிரிக்கும்போது அதை வெளிப்பக்கம் சாயவிட்டால் ஆக்சிலின் உள் ஜாயிண்ட் கழன்றுகொள்ளும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்ட வேண்டும்.

உதிரிபாக விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்தான். 1929-இல் சென்னையில் தொடங்கிய ராணே குழுமம் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் பால் ஜாயிண்டுக்கும் பெயர்பெற்றது. ஷாக் தயாரிக்கும் கேப்ரியல் இந்தியாவுக்கு ஒசூரில் தொழிற்சாலை உண்டு. உள்ளூர்க் கடையில் இல்லாதது புதுச்சேரியில் கிடைக்கும், அங்கும் இல்லாவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து வரவழைக்கலாம். உற்பத்தி நின்ற வண்டிக்குச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை. ஒன்று மட்டும்: ரப்பர் பாகத்தைப் பழைய இரும்புக் கடையில் வாங்கக் கூடாது. பயன்படுத்தாமல் கிடந்தாலும் ரப்பர் முதிரும்.

கார் நிறுவனங்கள் உதிரிபாகத்தையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் தங்கள் டீலர்களுக்கு மட்டுமே கொடுத்துத் தனிப் பட்டறைகளை ஒதுக்குகின்றன என்ற வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. மேல்முறையீடுகளில் அது நீண்டாலும், கார் வாங்கியவருக்கும் அவர் நம்பும் மெக்கானிக்குக்கும் பாகமும் தகவலும் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை அதில் பதிவானது. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ முயற்சியில் வாகனங்களும் சேர்க்கப்பட்டன. என்றாலும் ஓர் ஆர்மின் டார்க் அளவைத் தமிழில் தேடுபவருக்கு இன்றும் வீடியோக்களும் மெக்கானிக்கின் ஞாபகமுமே கதி.

சட்டம் குறுக்கே வருவது வேறோர் இடத்தில். தேய்ந்த பாகத்துக்கு அதே வகைப் புதுப்பாகம் போடுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றாமல், சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபரைச் செருகி வண்டியைத் தூக்கிக்காட்டும் குறுக்குவழி இங்கே அதிகம். நோயை மறைக்கும் வைத்தியம் அது. பஃபர் செருகிய இடத்தில் சுருள் அசையாது, மற்றச் சுருள்கள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்து களைத்து உடையும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியும் இருக்கிறது.

பணக் கணக்கை 15 ஆண்டு முடியும் தறுவாயில் எல்லோரும் போடுவார்கள். 2022 ஏப்ரல் முதல் அந்த வயது காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டும் நாளில் சஸ்பென்ஷன் வேலையும் சேர்ந்துகொள்ளும் என்று பயந்து அதற்கு முன்பே விற்றுவிடுபவர்கள் உண்டு. ஒரு வருடத்துக்கு ஒரு மூட்டு என்று வீட்டிலேயே முன்கூட்டி முடித்துவந்தவருக்கு அந்தப் பயம் இல்லை. அடித்தளத் தகடு, ஸ்ட்ரட் உட்காரும் மேடை, ஆர்ம் பிடிக்கும் இடம் இவை துருவில் இற்றிருந்தால் மட்டும் கதை வேறு. புதுப் புஷ்ஷை இற்ற தகட்டில் பூட்டுவதில் பயனில்லை; அதற்குமேல் அந்த வண்டிக்குச் செலவு செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட். டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி, அதே சுற்றில் புதியதை ஏற்றினால் அலைன்மெண்ட் கடைவரை ஓட்டிப்போகும் அளவுக்குச் சரியாக இருக்கும். அதற்குமேல் நம்பக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

32-ஆம் நெடுஞ்சாலை பகுதி பகுதியாக நான்கு வழியாகத் திறக்கும்போது இந்தக் கணக்கில் ஓர் உறுப்பு மாறுகிறது. பழைய இருவழிச் சாலையில் பஸ்சுக்கும் கரும்பு வண்டிக்கும் பின்னால் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தபோது, தேய்ந்த ஷாக் வெறும் அசௌகரியமாக இருந்தது. அதே 800 புறவழிச் சாலையில் 90-ஐத் தொடும்போது, பாலத்தின் இணைப்பு விளிம்பில் ஒருமுறை துள்ளினால் டயர் தரையை விட்டு எழும்பும்; அந்த நேரத்தில் பிரேக் அழுத்தினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. சத்தம் இல்லை என்பதற்காகப் பின் ஷாக்கைத் தள்ளிப்போட்டு வந்தவர்கள் பட்டியலில் அதை முதலில் எழுதிக்கொள்ளலாம்.